முனவர் பேகத்தின் வண்டிப்பாதை

முனவர் பேகம் அக்காவும் நானும் ஒரே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். ஓசூரில் வண்டி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி. வார்த்து வரும் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அக்காவுக்கு இதில் பதினேழு வருஷ அனுபவம். வயது நாற்பத்தாறு. ஒரு நாள் அவர் கழித்துப்போட்ட துண்டை சூப்பர்வைசர் எடுத்து நல்ல பெட்டியில் போட்டுவிட்டு நடந்தார். அக்கா எழுந்து போய் அதைத் திரும்ப சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

வீடு மத்திகிரியில். கணவர் ஷௌகத் அலி பழைய டயர் கடை வைத்திருக்கிறார். மகள் அஃப்ஸானா கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனபின், அவள் காலேஜுக்கு ஓட்டிய சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தியபோது, அக்கா அந்த சைக்கிளில் வேலைக்கு வர ஆரம்பித்தார். புர்கா செயினில் மாட்டாமலிருக்க ஓரத்தில் ஒரு துணிக் கிளிப். தெருவில் பேச்சு கிளம்பியது. இந்த வயதில் இது தேவையா என்று கொழுந்தனார் வீட்டுக்கே வந்து கேட்டாராம். ஆட்டோவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு போவதை விட இது மேல் என்று அக்கா சொல்லி, அவருக்கு டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வேலைக்கென்று எடுத்த சைக்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டது. எங்களோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் தொரப்பள்ளி வீட்டு விசேஷத்துக்குப் போனவர், திரும்பும்போது ஒரு மண்பாதை இறங்குவதைப் பார்த்து அதில் விட்டார். ராகி வயலும் ரோஜாத் தோட்டமும் தாண்டினால் தென்பெண்ணை. மழைக்காலத்தில் ஆறு அகலமாகப் பரவிப் படுக்கும் நிலம் அது. மற்ற மாதங்களில் கோரையும் நாணலும் மணல் திட்டும். அதற்கு மேல் சைக்கிள் போகாது. ஒரு நீர்மருது மரத்தில் அதைச் சாய்த்துப் பூட்டிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதே இல்லை. திங்கட்கிழமை மேசைக்கு வந்ததும் பார்த்ததைச் சொல்வார். பாறையில் தண்ணீர் சுழன்று சுழன்று உரல் மாதிரிக் குடைந்த குழிகள். வளைந்த மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும் அரிவாள் மூக்கன்கள். கூழாங்கல் நடுவே, கல் மாதிரியே இருக்கும் ஆள்காட்டியின் நாலு முட்டைகள். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முட்டைக்கு இரண்டடி தள்ளி நின்றும் எனக்குத் தெரியவில்லை. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. அக்கா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அதற்கப்புறம்தான் விரலை நீட்டிக் காட்டினார்.

கம்பெனியில் சிரித்தார்கள். ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை வருகிறது, சில நாள் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்றார்கள். அக்கா நுரை இல்லை என்று சொல்லவில்லை. காற்றில் அது பறந்து வந்து புர்காவில் ஒட்டியதைக்கூடச் சொன்னார்.

“ஆத்தை நானா கெடுத்தேன்? கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் முதுகைக் காட்டிட்டா, கெடுக்கறவனுக்குத்தான் வசதி” என்றார்.

போன வருஷம் தை மாதத்தில் அந்த மண்பாதையின் குறுக்கே இரும்பு கேட் ஒன்று முளைத்தது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. உள்ளே நிலத்தைச் சமப்படுத்தி, மனை பிரித்து, மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். காவலுக்கு வெங்கடப்பன் என்று ஒரு வயசாளி. உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு என்றார். யார் உத்தரவு என்று அக்கா கேட்டார். சார் உத்தரவு என்றார். எந்த சார் என்றதற்கு, சம்பளம் கொடுக்கும் சார் என்றார்.

அக்கா சண்டை போடவில்லை. சைக்கிளைத் திருப்பி அரை கிலோமீட்டர் மேலே போய், ஆடு மாடு தண்ணிக்கு இறங்கும் இடத்தில் ஆற்றுக்குள் இறங்கினார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், பாறை பாறையாகக் காலை வைத்து நடந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கரையேறினார். வெங்கடப்பன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆறு அரசாங்கத்துடையது, அதில் நடக்க யார் உத்தரவும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வழக்கமாக நிற்கும் மரத்தடிக்குப் போனார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டு தாலுகா ஆபீசுக்குப் போய் கிராம வரைபடத்தின் நகல் கேட்டார். நாலு தடவை அலைய விட்டார்கள். ஐந்தாவது தடவை கிடைத்தது. அதில் அந்தப் பாதை ஆறு வரைக்கும் பொது வண்டிப்பாதை என்று தெளிவாக இருந்தது. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று, வரைபடத்தை இணைத்து மனு கொடுத்தார். ஷௌகத் அலிக்கு இது பிடிக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு, கடை வைத்திருக்கிறோம், நாளைக்கு யார் வந்து என்ன செய்வார்களோ என்று அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. அதற்குள் பங்குனியில் ஒரு ஞாயிறு, மனை பார்க்க வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். பந்தல், நாற்காலி, மோர். விற்பனைக்காரர் மணிகண்டன் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அன்று நானும் அக்காவோடு இருந்தேன். முழங்கால் வரை சேறோடு ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்த எங்களை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், இங்கே வெள்ளம் வராதா என்று கேட்டாள். நூறு வருஷமாக வந்ததில்லை என்றார் மணிகண்டன்.

அக்கா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

“இருபது அடி என்கூட வாம்மா. பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணு” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அவள் வந்தாள். கூடவே பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மனைகளின் ஓரத்தில் நின்ற நீர்மருது மரத்தைக் காட்டி, அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஆள் உயரத்துக்கு மேலே, கிளைப் பிரிவுகளில் காய்ந்த கோரைக் கத்தை சிக்கியிருந்தது. நீலச் சாக்கின் நார் சுற்றியிருந்தது. ஒரு குழந்தைச் செருப்பு சேறு காய்ந்து தொங்கியது. எல்லாம் ஆற்று ஓட்டத்தின் திசையில் வளைந்து கிடந்தன.

“இதையெல்லாம் யாரு ஏணி வச்சு மேல கட்டினாங்கன்னு அவரைக் கேளுங்க.”

மணிகண்டன் மைக்கை அணைத்துவிட்டு வந்து, யாரோ ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். கைக்குழந்தைக்காரி வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு மூன்று வேன்களில் ஒன்று மோர் குடிக்காமலே திரும்பியது.

மறுநாள் மணிகண்டன் டயர் கடைக்குப் போனார். இது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டம்மாவை அடக்கி வையுங்கள், தொழில் செய்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்றாராம். ஷௌகத் அலி டயரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டிருக்கிறார்.

“அவ சொன்னதுல பொய் ஏதாச்சும் இருந்துச்சா?”

அது விஷயமில்லை என்றார் மணிகண்டன்.

“அப்போ எனக்கும் பேச ஒண்ணுமில்லை. டயர் வேணும்னா பாருங்க.”

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொல்லவில்லை. சண்டைதான் போட்டார். சொல்லாமல் சண்டை போட்டதற்காக அக்கா பிறகு அவரோடு ஒரு சண்டை போட்டார்.

சித்திரை கடைசியில் சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் வந்தார்கள். அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். சங்கிலி பிடித்து அளந்ததில் கேட்டின் இரண்டு தூணும் பாதைக்குள்ளேயே இருந்தன. பத்து நாளில் எடுக்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார்கள். பதினேழாவது நாள் எடுத்தார்கள். மனைகளை யாரும் தொடவில்லை. அதற்கு அக்கா தனியாக மனு போட்டிருக்கிறார், அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி மனை விற்றும்விட்டது.

ஐப்பசியில் மேலே நல்ல மழை. கெலவரப்பள்ளி அணையில் மதகுகளைத் திறந்தார்கள், கரையோரத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை சொன்னார்கள். காலை ஷிஃப்டு முடிந்து நாங்கள் சைக்கிளில் போனபோது, மண்பாதை பாதியிலேயே தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் கற்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கேட் போன பிறகும் சம்பளத்துக்கு அங்கேயே இருந்த வெங்கடப்பன், நனைந்த போர்வையும் ஒரு ஸ்டவ்வுமாக மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தகரக் கொட்டகை போய்விட்டது. பார்த்தீர்களா என்று அக்கா அவரிடம் சொல்லிக்காட்டவில்லை. அவர் பொருள்களை சைக்கிள் கேரியரில் கட்டி, ஊர் ஸ்கூல் வராந்தா வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் வெங்கடப்பன் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார்.

தண்ணீர் வடிந்ததும் கல்லைத் திரும்ப நட்டார்கள். கூடவே பெரிய போர்டு ஒன்று வைத்தார்கள்: தனியார் இடம், அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். கம்பத்தில் கேமரா வேறு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைனிலிருந்து ஐந்து பெண்கள் போகிறோம். ரஞ்சிதாவுக்கு சைக்கிள் விடத் தெரியாது, கேரியரில் உட்கார்ந்து வருகிறாள்.

போன வாரம் கேமராவுக்குக் கீழே வந்தபோது அக்கா சைக்கிளை நிறுத்தி, முகத்தை நிமிர்த்தி அதை நேராகப் பார்த்தார். என்ன என்று கேட்டேன்.

“நல்லாப் பதியட்டும்” என்றார்.

பிறகு பெடலை மிதித்து இறக்கத்தில் விட்டார். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம்.