சந்தை மூடும்வரை

என் கணவர் வீட்டிலிருந்தே பங்குச்சந்தையில் தினவர்த்தகம் செய்கிறார். காலையில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும். அதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். பதற்றத்தில் கை நடுங்கி, விற்க வேண்டியதை வாங்கித் தொலைப்பார். அதனால் சந்தை மூடும்வரை மிக்ஸி ஓடாது, அவர் அறைக்கதவை யாரும் தட்டக்கூடாது. மகாராஜாவின் நரம்புகளுக்கு நாங்கள் காவல்!

இந்தச் சட்டத்தை முணுமுணுக்காமல் மதித்தவர் என் மாமியார் மட்டும்தான். இருமல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்.

"அவனே பயந்தாங்கொள்ளி. நாம வேற எதுக்குப் படுத்தணும்?" என்பார்.

அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சந்தை மூடியதும் இவர் துள்ளிக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார்.

"அம்மா, இன்னைக்கு எனக்குக் கை நடுங்கவே இல்ல!"

மாமியார் கதவுக்கு வெளியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலியோடு அதுவரை நடந்து வந்தவர், தட்டவில்லை. துண்டு வாயில் அழுந்தியிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது கதவு திறந்தே கிடக்கிறது. நான் வேண்டுமென்றே மிக்ஸியை ஓட்டுகிறேன்.

"ஓடட்டும், நிறுத்தாத" என்கிறார்.

நிறுத்தினால்தான் அவருக்குக் கை நடுங்குகிறது.