பகுதி மேலா, கீழா?

1. ஆறு தாள்கள்

ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தி முடித்ததும் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். ஏர்வாடிக்கு அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து மூன்றுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்து, அதற்கான பின்னத்தை எழுதச் சொல்லியிருந்தேன். ஆறு பேர் 4/3 என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருத்தி நஸீமா, என் மகள்.

எங்கள் தலைமை ஆசிரியை தினமும் இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த ஆறு பேரும் திங்கக்கிழமையிலிருந்து காலைச் சிறப்பு வகுப்புக்கு வரட்டும்மா. உங்க பொண்ணையும் சேத்துத்தான் சொல்றேன். டீச்சர் பொண்ணுன்னு விட்டா நாளைக்கு யாரு நம்மளை மதிப்பா?"

அவர் சொன்னது நியாயம். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அந்த வகுப்புக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் மக்கு பெஞ்சு. போன வருடம் அதில் உட்கார்ந்த ஒரு பெண், கணக்குப் பாடம் என்றாலே வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். என் மகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயந்தேன். மகள் என்பதால்தான் பயப்படுகிறேனோ என்றும் தோன்றியது.

2. ஒரு சஹன், நான்கு பேர்

அன்று மாலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே நஸீமாவைக் கூப்பிட்டேன். பள்ளியில் அவளுக்கு நான் டீச்சர், வீட்டுக்கு வந்தால் உம்மா. போன வாரம் போய்வந்த கல்யாண வீட்டையே கணக்காக்கினேன். எங்கள் விருந்தில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்னும் பெரிய தட்டில் சோறும் கறியும் வைப்பார்கள். ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"மூணு பேருதான் வந்து உக்காந்திருக்காக. எவ்வளவு சஹன் ரொம்பியிருக்கு?"

"முக்கா சஹன்" என்றாள் உடனே.

"எழுது பாப்போம்."

4/3 என்று எழுதினாள்.

"மேல ஏன் நாலு போட்டே?"

"நீங்கதானே சொன்னிய உம்மா, தொகுதி மேல, பகுதி கீழன்னு. எம்.எல்.ஏ. தொகுதி எம்புட்டுப் பெருசு? நம்ம ஊரு அதுல ஒரு பகுதி. நாலு பேரும் சேந்தா தொகுதி. மூணு பேரு அதுல பகுதி."

மாவு ஒட்டிய கையோடு நின்றுவிட்டேன். அவளுக்கு முக்கால் தெரிந்திருக்கிறது. தமிழும் தெரிந்திருக்கிறது. நான்தான் எது மேலே, எது கீழே என்று மட்டும் சொல்லி மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க எனக்கும் அப்போதுதான் தோன்றியது.

"சஹனை எத்தனையாப் பகுத்தோம்?"

"நாலா."

"பகுத்த எண்ணுதான் பகுதி. அது கீழ. அதுல எத்தனை பங்கைத் தொகுத்து எடுத்தோம்?"

"மூணு... அப்ப அதுதான் தொகுதியா?" 4/3ஐ அடித்துவிட்டு 3/4 என்று எழுதினாள். பிறகு யோசித்தாள். "ஆனா உம்மா, அன்னைக்குக் கறியெல்லாம் பெரியம்மா அவுக பக்கம் இழுத்துக்கிட்டாக."

"பின்னத்துல அப்படி இழுக்க ஏலாது. நாலு பங்கும் சமமா இருக்கணும். மேல உள்ளது கீழ உள்ளதை விடச் சின்னதுன்னா தகு பின்னம். சரி, அஞ்சு பேரு வந்தா?"

"ஒரு சஹன் ரொம்பிரும். அடுத்த சஹன்ல ஒரு ஆளு."

"அதுதான் 5/4. தகா பின்னம். அதையே ஒண்ணேகால்னு, 1 1/4ன்னு எழுதினா கலப்பு பின்னம்."

"தகான்னா? அந்த அஞ்சாவது ஆளு கூப்பிடாம வந்துட்டாரா?"

3. ஏழு பேர்

ராத்திரி படுத்த பிறகு வேறு கவலை வந்தது. என் மகளுக்கு வீட்டில் விளக்கம் கிடைத்துவிட்டது. மற்ற ஐந்து பேருக்கு யார் சொல்வது? மறுநாள் தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லி, இன்னொரு முறை பாடம் எடுக்க அனுமதி கேட்டேன். "தேர்வை நீங்களே வையுங்க டீச்சர்" என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

கரும்பலகையில் சஹனை வரைந்து, பகுத்தது பகுதி, தொகுத்தது தொகுதி என்று முதலிலிருந்து நடத்தினேன். பிறகு அவர் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெவ்வேறு கணக்குக் கொடுத்தார். நான்கு பேர் சரியாக எழுதினார்கள். ஒரு பையன் தடுமாறினான். கடைசியாக நஸீமா.

"ஏழு பேரு வந்தா?"

7/4 என்று எழுதி, பக்கத்திலேயே 1 3/4 என்றும் எழுதினாள்.

"இது என்ன பின்னம்?"

"தகா பின்னம் டீச்சர். ஆனா ஏழு பேரும் கூப்பிட்டு வந்தவகதான்."

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை யாரும் சீக்கிரம் வர வேண்டாம். அந்தப் பையனை மட்டும் மத்தியானம் நீங்க பாத்துக்கங்கம்மா" என்றார். இரண்டு மத்தியானத்தில் அவனும் பிடித்துக்கொண்டான்.

புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கணக்கில் வரும் ஒரு சொல்லைப் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் வேறு பொருளில் கேட்டிருப்பார்கள். அது என்ன பொருள் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். இப்போதெல்லாம் பின்னம் தொடங்கும் நாளில், "பகுதின்னா என்ன?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். "பாகம் டீச்சர்" என்று வகுப்பே சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் சாக்பீஸை எடுக்கிறேன்.