மில்லி வைத்த பித்தளை வளையம்

மில்லி தன் தங்கச்சி புருஷனின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்து என்றுதான் மனசுக்குள் கத்தினேன். பாவம் என்று யாராவது பரிந்துகொண்டு வந்தால் வரட்டும், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போகட்டும்.

மில்லி பழைய ஃபிலிம் கேமரா ரிப்பேர் செய்பவன். எதையும் மில்லிமீட்டரில் சொல்வதால் அந்தப் பெயர். "அரை மில்லி தள்ளி உக்காருங்கக்கா, வெளிச்சம் மறைக்குது" என்பான். ஒரே கடை அறையில் முன்பாதி என் தையல் மெஷின், பின்பாதி அவன் மேஜை. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். அப்பா அம்மா போனபிறகு தங்கச்சியை வளர்த்து, போட்டோ பிடிக்கும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாப்பிள்ளையின் கேமரா முழுக்க இரும்பு. தூக்கினால் செங்கல் கனம். மூன்று வருஷத்தில் ஐந்து தடவை ஃபோகஸ் கெட்டு வந்தது. படத்தில் ஒரு பக்கம் தெளிவாக இருக்கும், மறுபக்கம் கலங்கியிருக்கும். தங்கச்சிதான் துண்டில் சுற்றி எடுத்து வருவாள். "கீழ விழுந்துருச்சுண்ணா" என்பாள். ஃபிலிம் ஓடும் இடத்தில் மங்கல் கண்ணாடித் துண்டை வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் பிம்பம் அதில் தெளிவாக விழும்வரை மில்லி லென்ஸைத் தாங்கும் தகட்டை நிமிர்த்துவான். எப்போதும் ஒரே மூலைதான் வளைந்திருக்கும்.

"ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு? உங்க ரெண்டு பேருக்கும் சோறு போடுறதே இதுதான்" என்று அவளைத்தான் திட்டுவான். அவள் கழுத்துவரை துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். அவள் தாடையில் கன்றிப்போன தடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தாவது தடவை மில்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. தகட்டுக்கு அடியில் தடித்த பித்தளை வளையம் ஒன்றை லேத்தில் கடைந்து பொருத்தினான். "இனிமே எதுல மோதினாலும் இது வளையாதுக்கா. மோதினதுதான் உடையும்" என்று சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாப்பிள்ளையே கேமராவோடு வந்தான்.

"ஃபோகஸ் சுத்தவே மாட்டேங்குது மச்சான். சாயங்காலம் வேலை இருக்கு, சீக்கிரம் பாரு."

"தங்கச்சி வரலையா?"

"தலைவலின்னு படுத்திருக்கா."

அவன் போனதும் மில்லி தகட்டை அளந்தான். இம்மியும் வளையவில்லை. "பாத்தீங்களா என் வேலைய!" என்று பூரித்தான். ஃபோகஸ் திருகும் இடத்தின் பள்ளங்களில் ஏதோ இறுகியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். பழைய எண்ணெய் என்றால் கறுப்பாக வரும். இது சிவப்பாக வந்தது. ஸ்க்ரூவில் நீள முடி ஒன்று சுற்றியிருந்தது, வேர்ப்பக்கம் நரை. இருபத்தெட்டு வயதிலேயே நரை கண்டவள் அவன் தங்கச்சி.

"அக்கா, இது கீழ விழல" என்றான். கேமராவை அப்படியே மேஜையில் போட்டான். பிறகு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். இடது காதிலிருந்து வடிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. தலைக்கு வைத்திருந்த துண்டு ஊறிப்போயிருந்தது. கூடத்தில் மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆமாம், சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"இது புருஷன் பொண்டாட்டி விஷயம் மச்சான். நீ போய் கேமராவைப் பாரு" என்று எழுந்து வந்து, சமையலறைக் கதவு நிலையில் வலது கையை ஊன்றி வழியை மறித்தான்.

மில்லி கதவை அந்தக் கைமேல் அறைந்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. திறந்து மறுபடி அறைந்தான். மாப்பிள்ளை அலறிக்கொண்டே இடது கையால் குத்தியதில் மில்லியின் பல் இரண்டு தெறித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, முழு உடம்பையும் கதவில் சாய்த்தான். "எத்தனை தடவைடா? எத்தனை தடவை?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவன் மயங்கிச் சரிந்த பிறகுதான் நான் மில்லியை இழுத்தேன்.

வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். அவள் பிழைத்துவிட்டாள். இடது காது இனிக் கேட்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மில்லி குழந்தைபோல் அழுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் அவள் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "கேமராவ அவர் கையிலயே குடுத்து விட்டிருக்கலாம்ணா. அஞ்சு தடவையும் நானேதான் தூக்கிட்டு வந்தேன். ஒரு தடவையாவது என் மூஞ்சிய நிமிந்து பாப்பியான்னு நின்னேன். நீ கேமராவையே பாத்துட்டிருந்த."