மயக்கம் தெளியாத ஒரு பகல்

காலை பதினொன்று இருபது. சென்ற மார்ச் மாதம், பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு சிறிய மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த சர்ஜன், குடல்வாலை எடுத்தாயிற்று, அதில் ஒரு சிக்கலும் இல்லை என்றார். நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அதற்குள், "ஆனா பையன் இன்னும் சொந்தமா மூச்சு விடலம்மா" என்றார்.

என் மகனுக்குப் பதினெட்டு வயது. இரவெல்லாம் வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு, அவன் அப்பா வைட்ஃபீல்டில் இருக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போன பிறகுதான் என்னிடம் சொன்னான். ஆட்டோ பிடித்து ஓடினோம். ஸ்கேன் எடுத்ததும் உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான், நீங்கள் மெதுவாக வாருங்கள் என்று கணவரிடம் போனில் நானேதான் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த என் மகள் மட்டும் என்னோடு இருந்தாள். மறுநாள் அவளுக்கு அறிவியல் பரீட்சை. மடியில் புத்தகம், அதில் பட்டாணிச் செடிப் படங்கள்.

சர்ஜன் உள்ளே போன பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. நர்ஸ்கள் வேகமாக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். கேட்டால், டாக்டர் பேசுவார் என்றார்கள். கணவருக்கு மறுபடி போன் செய்தேன். கிளம்பிவிட்டேன், மாரத்தஹள்ளியில் வண்டி நகரவே இல்லை என்றார்.

பிறகு மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வந்தார். கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும். தமிழ் நன்றாகவே பேசினார். ஆபரேஷன் முடிந்து நேரமாகிறது, கை கால் அசையவில்லை, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன, மூச்சை மெஷின் பார்த்துக்கொள்கிறது என்று வரிசையாகச் சொன்னார். மூளையில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என யோசிக்கிறோம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார். மெஷினோடு ஒரு பையனை இந்த டிராஃபிக்கில் எப்படிக் கொண்டு போவீர்கள் என்று கேட்டேன்.

அவர் போகவில்லை. காலையில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை வந்ததுண்டா? காலையில் நான் யோசித்துத்தான் இல்லை என்று சொல்லியிருந்தேன். மாமனாருக்கு பைபாஸ், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நாத்தனாருக்கு இரண்டு சிசேரியன், எல்லாம் நல்லபடியாக முடிந்தவை. இப்போதும் அதையே சொன்னேன்.

"நீங்களும் ஹஸ்பெண்டும் சொந்தமா?"

"அத்தை பையன். அப்பாவோட கூடப்பிறந்த அக்கா மகன்."

"அப்ப உங்க பிறந்த வீட்டுப் பக்கம்? அங்க யாருக்காவது?"

மகனின் குடும்பம் என்றால் என் மனதில் வந்ததெல்லாம் நான் வாழ வந்த வீடுதான். அவன் இன்ஷியல் எங்கிருக்கிறதோ அங்கேதான் அவன் குடும்பம் என்று என்னை அறியாமலே நினைத்திருக்கிறேன். பக்கத்திலிருந்து மகள் சொன்னாள்:

"சேலத்து மாமா, ம்மா. ஊசி போட்டா மறுநாள் மத்தியானம்தான் முழிச்சாரே."

சேலத்து மாமா என் தம்பி. இருபது வயதில் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அரை மணி நேர வேலை என்றவர்கள் மறுநாள் வரை அவனை வெளியே விடவில்லை. உடம்பு வீக், மருந்து தாங்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அது ஒரு சிரிப்புக் கதை. பந்தியில் அவன் உட்கார்ந்தால், "எழுப்பி விட ஆள் வெச்சுக்கோடா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

டாக்டர் முகம் மாறியது. உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையில் மூச்சுக் குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு என்சைம் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே அந்த என்சைம் வேலை செய்யாது. அவர்களுக்கு மருந்து தானாகக் கரைய மணிக்கணக்காகும். உங்கள் மகனுக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஆம்புலன்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

எனக்கும் இவருக்கும் எந்தக் குறையும் இல்லையே என்றேன். மகள் பதில் சொன்னாள்.

"ரிசஸிவ்மா. உன்கிட்ட ஒரு நல்லது, ஒரு கெட்டது. அப்பாகிட்டயும் அப்படித்தான். நல்லது ஒண்ணு இருந்தாலே போதும், வெளிய தெரியாது. அண்ணனுக்கு ரெண்டும் கெட்டது வந்திருக்கு."

"கரெக்ட்" என்றார் டாக்டர். ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அதே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த பிள்ளை தப்பித்தது என்று அர்த்தமில்லை என்றார். அதைச் சொல்லும்போது என் மகளைப் பார்த்தார். அவள் புத்தகத்தை மூடினாள்.

"அவனும் கேட்டுக்கிட்டு இருப்பானா டாக்டர், உள்ள?" என்று ஏனோ கேட்டேன்.

"இல்லம்மா. தூங்க மருந்து போய்க்கிட்டே இருக்கு. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணவர் வந்தார். தம்பிக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்காமலே பஸ் ஏறுகிறேன் என்று வைத்துவிட்டான். நான்கு மணிக்கு மேல் மகனின் விரல் அசைந்தது என்றார்கள். பிறகு தானாக மூச்சு விட ஆரம்பித்தான். குழாயை எடுத்த பின் ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றதும் நான் போனேன். தொண்டை கட்டிய குரலில், போன் எங்கே என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார் டாக்டர். என் மகளுக்கும் அதே குறை இருப்பது பின்னால் தெரிந்தது.

தம்பி வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். தோள் பையை இறக்காமலே கேட்டான்.

"மயக்கத்துலயே வெச்சிருந்தாங்களாக்கா? இல்ல, முழிச்சிருந்தானா?"

தூங்க மருந்து கொடுத்திருந்தார்கள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் அன்னிக்குத் தூங்கலக்கா. எல்லாம் கேட்டுச்சு. கண்ணைத் தொறக்க முடியல, ஒரு விரல அசைக்க முடியல. வெளிய அப்பா அழுதது கூடக் கேட்டுச்சு."

"ஏண்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க."

அந்த என்சைமின் பெயர் இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்; ஆனால் அத்தனை வருடம் சிரித்ததில் ஒருவர்கூட, உனக்கு எப்படியடா இருந்தது என்று அவனைக் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.