கழுத்தில் ஒட்ட வேண்டிய அயோடின்

தைராய்டை அறுத்தெடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மூச்சு வாங்குகிறது என்று எமர்ஜென்சிக்கு ஓடினேன். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க, கையில் கான்ட்ராஸ்ட் திரவம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரான மான்மவுத் ஜங்ஷனுக்குத் திரும்பியதும் சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் கேள்விப்பட்ட என் தைராய்டு டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்தத் திரவம் முழுக்க அயோடின். கழுத்தில் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களை அழிக்க எனக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை தருவதாக இருந்தது. உடம்பில் ஏற்கெனவே அயோடின் நிறைந்து கிடந்தால் அந்தச் செல்கள் மாத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காதாம். திரவம் வெளியேறும்வரை சிகிச்சை இல்லை. சாப்பாட்டிலும் அயோடின் கூடாது. பால், தயிர், முட்டை, மீன், அயோடின் உப்பு, கடல் உப்பு எல்லாவற்றுக்கும் தடை. கழுத்துக்குள் புற்றுநோயை வைத்துக்கொண்டு ரசம் சாதத்தோடு காத்திருக்க வேண்டும். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரிய, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஆரஞ்சு நிறக் கேனில் சேர்த்துக் குளிர்ச்சியாக வைத்திருந்து கொடுக்க வேண்டும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் வீட்டை விட்டே போய்விடுவதாகக் கணவர் சொன்னார். பிக்னிக் ஐஸ் பெட்டி அன்றோடு பிக்னிக்கை மறந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்த ரிசல்ட், அதிகம். அடுத்த மாதமும் அதிகம். இவ்வளவு நாள் தங்காதே என்று டாக்டரே குழம்பினார். நான் இன்டர்நெட்டில் உட்கார்ந்து, உடம்பை விட்டுப் போகாத மருந்துகளைப் பற்றியெல்லாம் படித்துப் பயந்தேன். குளிக்கும்போது என் உடம்பையே திட்டினேன். ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரியாதா உனக்கு?

கடைசியில் டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சமையலறையில் இருப்பதை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் அவர். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் என்று எடுத்துக்கொண்டே வந்து, பெருமையோடு கல்லுப்புப் பாக்கெட்டையும் எடுத்தேன். அயோடின் என்றால் தூள் உப்பு, கடல் உப்பு என்றால் அமெரிக்கக் கடையில் அழகான டப்பாவில் வருவது. நம்ம ஊர்க் கல்லுப்பு இரண்டிலும் சேராது என்பது என் முடிவு. அது உப்பளத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. போட்டோவைப் பெரிதாக்கினால் மூலையில் பொடி எழுத்து.

"ஏங்க, இங்க வாங்க. இதைக் கொஞ்சம் படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அயோடைஸ்டுன்னு போட்டிருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார். "கல்லுப்புலயுமா ஆட் பண்றாங்க?"

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் உடம்பு எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு வெளியேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் வேளாவேளைக்கு ரசத்தில் போட்டு ஊட்டியிருக்கிறேன். பாவம், அதைப் போய்த் திட்டினேனே.

உப்பை மாற்றிச் சில வாரம் கழித்து மறுபடியும் கேன். ரூட் ஒன் நெடுஞ்சாலை சிக்னலில் காரோடு நிற்கும்போது டாக்டர் கூப்பிட்டார். அளவு நன்றாக இறங்கிவிட்டது, வியாழக்கிழமை மாத்திரைக்கு வரலாம் என்றார். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. எல்லாரும் என்னோடு சேர்ந்து கொண்டாடுவதாகவே நினைத்துக்கொண்டேன்.

மாத்திரை விழுங்கி ஒரு வாரம் கழித்து ஸ்கேன். எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். கழுத்தில் கருகருவென்று ஒரு புள்ளி. மாத்திரை சரியாகப் போய் ஒட்டியிருக்கும் இடம் அதுதான் என்றார். இத்தனை மாதம் அயோடினைப் போ போ என்று விரட்டியவள், அந்தப் புள்ளியிடம் கைகூப்பி, வேலை முடியும்வரை அங்கேயே இரு, போய்விடாதே என்று கெஞ்சினேன்.