ரிலே எண்ணும் மில்லிசெக்கனும்

எங்கள் தொழிலில் பிழை விட்டால் அது கணினித் திரையோடு நிற்காது. எங்கோ ஒரு கட்டிடத்தில் எரிய வேண்டியது எரியாது, அல்லது எரியக் கூடாதது எரியும். ப்ரோக்ராம் எழுதும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் சின்னக் கம்பனி இருந்தது. கரண்ட் போனால் கட்டிடத்தை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் பெட்டி செய்தோம். முதலாளி மாளிகாவத்தை நவ்பர் நானா. பெட்டிக்குள் ஓடும் ப்ரோக்ராமை நானும் ருவனும் எழுதினோம். அவர் சிங்களவர்; எனக்கு அவர் அய்யே, அண்ணன்; அவருக்கு நான் நங்கி, தங்கச்சி.

இரண்டும் எண்தானே

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. எங்கள் பெட்டியைச் சுவரில் பூட்டிய பிறகு முதல் தடவை கரண்ட் போனபோது நாங்கள் இருவரும் அங்கேதான் நின்றோம். கீழே ஜெனரேட்டர் உறுமுகிறது. மேலே வார்டில் ஒன்றும் இயங்கவில்லை. மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயாவுக்கு நர்ஸ் கையால் பையை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்தார். ருவன் படிகளில் பாய்ந்து இறங்கி லீவரைக் கையால் திருப்பிய பிறகுதான் மெஷினுக்கு உயிர் வந்தது.

ரிலே என்ற சுவிட்சை மூடிக் கரண்டை விடும் கட்டளைக்கு இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனையாவது ரிலே, எத்தனை மில்லிசெக்கன் கழித்து. மூன்றாவது ரிலே, ஐந்நூறு மில்லிசெக்கன் என்பது இடம் மாறி, ஐந்நூறாவது ரிலே, மூன்று மில்லிசெக்கன் என்று போயிருந்தது. பெட்டியில் அப்படியொரு ரிலேயே இல்லை. நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலரும், இரண்டும் எண்தானே என்று விட்டுவிட்டது. தலைமை நர்ஸான மேட்ரன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, உங்கட பெட்டி யோசிச்சு முடிக்குமட்டும் இவர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்க வேணுமோ?"

சிவந்த திரை

அடுத்த நாள் ரிலே எண்ணுக்கு ஒரு டைப், அதாவது வகை, மில்லிசெக்கனுக்கு வேறு டைப் என்று பிரித்துவிட்டேன். இனி ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் ப்ரோக்ராம் கம்பைலே ஆகாது. ஓடவிட்டதும் திரை முழுக்கச் சிவப்பு எரர். வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று ருவன் சிங்களத்தில் ஏசினார். நானும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தேன்.

பெரும்பாலானவை வெறும் திருத்தங்கள். ஒன்று மட்டும் அப்படியில்லை. அன்று பின்னேரம் மீன் குளிர்களஞ்சியம் ஒன்றுக்குப் போகவிருந்த பெட்டியிலும் அதே இரண்டு எண்கள் இடம் மாறி இருந்தன. ருவன் கதிரையில் சாய்ந்து, கம்பைலரின் எரரைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "நங்கி, இவ்வளவு நாளும் இவன் வாயைத் திறக்காம இருந்தானே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

கொலன்னாவைச் சந்தியில்

எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கம், குண்டுப் பயத்தில் காவல் பலம். அங்கே ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் பெட்டியின் மாற்று சர்க்யூட் பலகை ஒன்றைப் பையில் கொண்டுபோனேன். செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் பையைத் திறந்தான். வயர், டைமர், ரிலே. "மே மொகத்த?", இது என்ன, என்று கேட்டவனின் குரல் மாறிவிட்டது. ஜெனரேட்டருக்கு என்றேன். அதற்கு மேல் என் சிங்களம் எங்கே போனதென்று தெரியவில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

மணல் மூட்டைக்குப் பக்கத்தில், துவக்குப் பிடித்த ஒருத்தனோடு நிற்கவைத்துவிட்டு, என் கம்பனிக்குப் போன் எடுத்தார்கள். ருவன் த்ரீவீலரில் வந்து சேருமட்டும் நான் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அவர் கம்பனிக் கடிதத்தைக் காட்டி, ஒவ்வொரு பாகமாகத் தொட்டு விளக்கினார். கடைசியில் அதிகாரி பலகையை என் கையில் தந்தார்: "அடுத்த முறை இது என்ன சாமான் என்று மேலே பெரிசா எழுதி ஒட்டிக்கொண்டு வா, வெறும் வயரைப் பார்த்து நாங்க எப்படித் தெரிஞ்சுகொள்றது?"

கம்பத்தில் ஒருவர்

பிறகு இன்னொரு பூட்டும் போட்டேன். மெயின் கரண்டைக் கழற்றும் கட்டளை, கழற்றியதற்குச் சாட்சியாக ப்ரோக்ராமுக்குள் ஒரு சீட்டுத் திருப்பித் தரும். அந்தச் சீட்டைக் காட்டாமல் ஜெனரேட்டர் ரிலேயை மூட எழுதினால் கம்பைல் ஆகாது. மெயினைக் கழற்றாமல் ஜெனரேட்டரைக் கொடுத்தால் கரண்ட் பின்பக்கமாகத் தெரு வயருக்குப் பாயும்.

ஒரு நாள் காலையில் அதே ஆஸ்பத்திரி. ஒழுங்கையில் எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் பழுதாகி அப்போதுதான் திருத்தி முடிந்திருந்தது. அதைச் சோதிக்க ஒரு பட்டன் வேண்டும் என்று நிர்வாகி நெருக்கினார். ருவன் அவசரமாக எழுதினார். எரர். சீட்டு இல்லையாம். போனில் நவ்பர் நானா கத்தினார், "அந்தச் செக்கை இன்டைக்கு மட்டும் கழட்டிப் போடுங்க மகள், ஆக்கள் காத்துக்கொண்டு இருக்காங்க!" ஏலாது நானா என்றேன். ருவன் லாப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தார். நான் விடவில்லை. அந்த இழுபறியில் அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. கேட்டுக்கு வெளியே கம்பத்தில் கரண்ட் திருத்தும் ஒருவர், கையுறைகூட இல்லாமல், ஆஸ்பத்திரிக்கு வரும் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ருவன் கையை எடுத்துவிட்டார். மெயினைக் கழற்றும் வரியை முதலில் எழுதி, சீட்டை வாங்கி, பிறகு பட்டனை எழுதினார். கம்பைல் ஆனது, ஜெனரேட்டரும் ஒழுங்காக ஏற்றது. கொஞ்ச நேரத்தில் கம்பத்து மனுசன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். மலையகம், ஹட்டன் பக்கத்து ஆள், பேச்சில் தெரிந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னார்: "கரண்டு குடுக்க இன்னும் கொஞ்சம் நேரமாகும் மிஸ், கோவிச்சுக்காதீங்க."

ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் சொன்னால், இன்றைக்கும் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.