வக்கீலுக்கு மேலே யார் துரை?

பெட்டிசன் எழுதுகிறவனிடம் வருகிறவர்கள், ஏற்கெனவே வேறொரு இடத்தில் ஏமாந்துவிட்டுத்தான் வருவார்கள். சுதந்திரம் வந்த பிறகு பல வருஷம் ஹட்டன் கோர்ட்டு வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் படி ஏறி இறங்கியவர்களுக்கு என் அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. கங்காணி மேல், கணக்கப்பிள்ளை மேல், கடைக்காரர் மேல் என்று யார் மேலெல்லாமோ எழுதியிருக்கிறேன். வக்கீல் மேல் எழுதியது ஒரே ஒரு தடவை, காளியம்மாவுக்காக.

துரைக்கு ஒரு பெட்டிசன்

காளியம்மா றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். புருஷன் இல்லை. தாய் செத்த சேதி கேட்டு இந்தியா போனவள், சொன்ன நாளில் திரும்பவில்லை. தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவும் போகும். காலி செய்யச் சொல்லித் தோட்டம் கேஸ் போட்டது. அவள் டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்து, இந்தியாவிலேயே தங்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்துபோனது உட்பட, எதையும் மறைக்காமல் சொன்னாள். கேஸ் நாளன்று அதே வக்கீல் தோட்டத்துப் பக்கம் எழுந்து நின்றார். "அங்கேயே தங்கிவிட நினைத்தாயா, இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை; தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து காம்பராவைப் பூட்டிவிட்டுப் போனார்.

எந்தக் குறைக்கும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ப் பழகியவள், வக்கீலைக் கண்டித்துவைக்கச் சொல்லித் துரைக்கே ஒரு பெட்டிசன் எழுதக் கேட்டாள். அந்த வக்கீலை அமர்த்தியதே துரைதான் அம்மா என்றேன். காளியம்மா கேட்டாள்: "அப்ப வக்கீலுக்கு மேல யாருங்க தொரை?"

இதையும் சேர்த்துக்குங்க

சொன்னேன். கொழும்பில் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கீழே ஒரு விசாரணைக் குழு இருக்கிறது, மூன்று மூத்த வக்கீல்கள். துரையோ மந்திரியோ அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. அவர்கள் விசாரித்து எழுதினால், நீதிபதிகள் வக்கீலின் பேரையே வெட்டலாம். பேர் வெட்டுவது என்றதும் அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆனால் காம்பராவைத் திருப்பித் தருவது அவர்கள் வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, எழுதுங்க என்றாள்.

பெட்டிசன் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஊர்ப் பொதுக் கிணறு, ஆளாளுக்கு ஒரு வாளி போடுவார்கள். கூட வந்திருந்த, அவள் தம்பியின் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், வக்கீல் குடிக்கிறார் என்று போட்டால்தான் எடுபடும் என்றார். இது சத்தியக் கடதாசி, தெரிந்ததை மட்டும்தான் எழுதலாம் என்று நான் சிடுசிடுத்தேன். எங்கள் சண்டையைக் காளியம்மாதான் முடித்துவைத்தாள்: "அவரு குடிச்சா எனக்கென்னங்க? நான் நம்பிச் சொன்னத எனக்கே எதுராத் திருப்புனாரு. அத மட்டும் போடுங்க."

வெற்றிலைத் தட்டு

கொழும்பிலிருந்து வக்கீலுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. மனிதர் நேராக நோட்டன் பிரிட்ஜுக்கே போய்விட்டார். அங்கேதான் தம்பியின் காம்பராவில் காளியம்மா ஒண்டிக்கொண்டிருந்தாள். தலைவர் பாய் விரித்தார். வக்கீல் நாலு பேர் முன்னால் தப்புத்தான் என்று சொல்லி வெற்றிலைத் தட்டை நீட்டினார். தோட்டத்தில் வெற்றிலையை வாங்கிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, பிறகு எடுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டாள். முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக அவர் தயாராகக் கொண்டுவந்திருந்த தாளிலும் கைநாட்டு வைத்தாள். கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆனால் குழு ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்பாட்டை எடுத்துக்கொண்ட பிறகு நிறுத்துவது முறைப்பாட்டுக்காரர் கையில் இல்லை, விசாரணைக்கு வரவும் என்று பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது தலைவருக்கு முகமே மாறிவிட்டது: "வெத்தல வாங்குனதுக்கப்புறமும் விசாரணையா? இவங்கெல்லாம் எந்த ஊரு ஆளுங்க?"

புதுக்கடையில்

வருகிறாளோ என்னவோ என்று நினைத்திருந்தேன். வந்தாள். தலைவரோடு மூவரும் ரயில் ஏறி, கொழும்பில் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைக்குப் போனோம். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர், பக்கத்தில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தில் ஒரு முதலியார். வக்கீல் தன் கறுப்புக் கோட்டை மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கேட்டதற்கெல்லாம் காளியம்மா கூட்டாமல் குறைக்காமல் பதில் சொன்னாள்.

கடைசியில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். நீ அவரை மன்னித்துவிட்டாய், இதனால் உன் வீடும் வரப்போவதில்லை, அப்படியிருக்க ஏன் அம்மா இவ்வளவு தூரம் வந்து சாட்சி சொல்கிறாய் என்று கேட்டார். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். காளியம்மா முதலியாரைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாள்: "மன்னிச்சது நானுங்க. நாளைக்கு இவரு முன்னால ஒக்காந்து மனசுல உள்ளதச் சொல்லப் போறவ நான் இல்லீங்களே."

நீதிபதிகள் அந்த வக்கீலைக் கொஞ்ச காலம் தொழில் செய்ய விடாமல் நிறுத்திவைத்தார்கள். காளியம்மா நோட்டன் பிரிட்ஜிலேயே இருந்துவிட்டாள். எனக்கு அவர்கள் செய்தது சரியென்றே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் ஒரு வக்கீலின் கோட்டைக் கழற்ற மூன்று பெரிய மனிதர்கள் மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியிருந்த நாட்டில், ஒரு காம்பராவைப் பூட்ட ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு பூட்டும் போதுமாக இருந்தன.